ஒரே மகளுக்கு மணமகன் தேவை

“ஒரே மகள்னு போடு” என்றார் அப்பா.

சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த சின்னவளின் பேனா நின்றுவிட்டது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவு வழியாகப் பின்னறையைப் பார்த்தாள். அங்கே பெரியவள் மெஷினில் யாருடைய பேன்ட்டையோ நீளம் குறைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அப்பா சொன்னது அவள் காதில் விழாமல் இருக்க வழியில்லை. வீடு அவ்வளவுதான் பெரிது.

“என்ன யோசனை? எழுது. நல்ல குடும்பம், ஒரே மகள், பட்டப்படிப்பு கடைசி வருஷம், சிவப்பு நிறம்...”

“நான் எங்கப்பா சிவப்பு?”

“பேப்பர்ல எப்படியும் கறுப்பாத்தான வரப்போகுது. யாருக்குத் தெரியும்?” என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்பா, ஒரே மகள் இல்லையேப்பா. ரெண்டு பேர் இருக்கோமே.”

மெஷின் நின்றது. அப்பா அவள் முன்னால் இருந்த தாளை விரலால் தட்டினார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தே தலை நரைத்தவர் அவர். எந்தப் பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லுவார். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. அம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசற்படிக்கு வந்தாள்.

“அவ இல்லைன்னு யாரு சொன்னா? அதைப் பேப்பர்ல வேற போட்டுக்கணுமான்னுதான் கேக்கறாரு. ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டு உக்காந்தா உன்னை யாரு கட்டிப்பா?”

“எழுதுடி” என்று பின்னறையிலிருந்து பெரியவளின் குரல் வந்தது. “நாலு வார்த்தை எழுத இவ்வளவு நேரமா? நீயெல்லாம் பத்திரிகை ஆபீஸ்ல என்னத்தைக் கிழிக்கப் போற?”

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. சின்னவள் எழுதினாள்.

பெரியவள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு காது சரியாகக் கேட்காமல்தான் வந்து சேர்ந்தாள். அறைந்தவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கோர்ட்டில் பிரித்துவிட்ட கையோடு அவன் வேறு கல்யாணமும் செய்துகொண்டான். அதற்கும் இந்தத் தெருவிலிருந்தே நாலைந்து பேர் போய் வாழ்த்திவிட்டு வந்தார்கள். அவனுக்கு அதனால் எந்தப் பெயரும் வரவில்லை. இவளுக்கு மட்டும் வாழாவெட்டி என்று பெயர். நம் மொழியில் பெண்பிள்ளைகளை வைவதற்கு இருக்கிற சொற்களை எல்லாம் ஒரு கூடையில் போட்டால் தூக்க ஆள் தேவைப்படும். அதில் மிக மோசமான ஒன்றை, அடி வாங்கியவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம்.

அப்பா கெட்டவர் இல்லை. திரும்பி வந்த மகளை “போய் அனுசரிச்சு நட” என்று அவர் பஸ் ஏற்றி அனுப்பவில்லை. உள்ளே வா என்றார். பின்னறையைக் கொடுத்தார். அதோடு தகப்பன் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டார். உள்ளே வந்தவள் மறுபடி வெளியே தெரியக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார். விசேஷ வீடுகளுக்கு அவளைக் கூட்டிப் போவதில்லை. விருந்தாளி வந்தால் பின்னறைக் கதவு சாத்தியிருக்கும். பெரியவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. துணிக்கடைகளிலிருந்து ஆல்டரேஷன் வேலை வாங்கி, இடுப்பைப் பிடிப்பதும் கால் நீளத்தைக் குறைப்பதுமாக இருந்தாள். பேன்ட்டுகள் பழைய செய்தித்தாளில் சுற்றி வரும். சுற்றிய தாளை அவள் கசக்கிப் போடமாட்டாள். நீவி மடித்து வைத்துக்கொண்டு, வேலை ஓய்ந்தபோது ஒரு வரி விடாமல் படிப்பாள்.

“பழைய பேப்பர்க்கா” என்று சின்னவள் கேலி செய்வாள்.

“எனக்கு இன்னைக்குத்தான வந்துச்சு. அப்போ புதுசுதான்.”

சின்னவள் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைப் படிப்பில் சேர்ந்ததே அவளால்தான். “பேப்பர் படிக்கிறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?” என்று அப்பா கேட்டபோது, அவரிடம் வாயே திறக்காத பெரியவள் கதவோரம் வந்து நின்று, “அவ ஆசைப்படறா, படிக்கட்டும்ப்பா. நாமதான் பேப்பர்ல வர்ற மாதிரி எதுவும் செய்யல, அவளாவது எழுதட்டும்” என்றாள். அப்பா அதிசயப்பட்டுப்போய்ச் சம்மதித்தார். அந்த அதிசயத்தைத் தவிர அவள் இந்த வீட்டில் எதையும் கேட்டு வாங்கியதில்லை.

அச்சுப் பத்திரிகை வகுப்பு என்றால் பெரிய கூட்டம் இல்லை. டிவி வகுப்பில் உட்கார இடம் கிடைக்காது. இங்கே பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அடுத்த வருஷத்திலிருந்து இந்தப் பிரிவையே மூடப்போகிறார்கள் என்று பேச்சு. பாடம் நடத்தியவர் ஒரு காலத்தில் நாளிதழில் செய்தி திருத்தும் மேஜையில் இருந்தவர். மாணவர்கள் எழுதிக் கொடுத்ததை ரத்தக் காயம் பட்டதுபோல் திருப்பித் தருவார். அதனால் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர். அவர் சொல்லிக்கொடுத்ததில் இரண்டு விஷயங்கள் சின்னவளின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றன. ஒன்று, ஒரு மனிதரைப் பற்றி எழுதினால் யார், என்ன வயது, என்ன தொழில் என்று எழுதாமல் விடக்கூடாது. அது இல்லாவிட்டால் அவர் மனிதர் இல்லை, வெறும் கூட்டம். இரண்டாவது, தப்பு அச்சேறிவிட்டால் திருத்தம் போட வேண்டும். அப்படிப் போடும்போது தப்பைத் திரும்பச் சொல்லக்கூடாது. “தப்பை இன்னொரு தடவை அச்சடிச்சா அது ரெண்டு தப்பு. எது சரியோ அதை மட்டும் சொல்லு, போய்க்கிட்டே இரு” என்பார்.

கடைசி வருஷத்தில் எல்லாரும் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும். சின்னவளுக்கு நிருபர் பிரிவுக்குப் போக ஆசை. பையன்களை அங்கே அனுப்பினார்கள். அவளை வரி விளம்பரப் பிரிவில் உட்கார வைத்தார்கள். வீடு வாடகைக்கு, பழைய பைக் விற்பனைக்கு, மணமகள் தேவை, மணமகன் தேவை. “ஸ்டேஷன், ஆஸ்பத்திரின்னு பொம்பளப் புள்ள எங்கம்மா அலையறது? இங்க ஃபேன் இருக்கு, உக்காந்து வேலை பாரு” என்றார் பிரிவின் தலைவர். அவரும் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவரே கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்பா எழுதச் சொன்ன விளம்பரத்தை அவள்தான் மறுநாள் எடுத்துக்கொண்டு போனாள். அவளே தட்டச்சு செய்தாள். தலைவர் ஒரு ஓட்டம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“எழுத்துப்பிழை இல்லை. போட்டுடு.”

“சார், இதெல்லாம் நிஜமான்னு நம்ம பாக்க வேண்டாமா?”

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “பழைய பைக்கை ‘புத்தம் புதுசு மாதிரி’ன்னு போடறான். போய் ஓட்டியா பாக்கறோம்? விளம்பரம் குடுக்கறவன் சொல்றதுதாம்மா நிஜம். நம்ம வேலை எழுத்துப்பிழை பாக்கறது.”

ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் வந்தது. அடுத்த ஞாயிறே ஒரு குடும்பம் வீடு தேடி வந்தது. பையனுக்குப் பேங்கில் வேலை. அவனுடைய அம்மா மருந்துக்கடை நடத்துகிறவள்; புருஷன் போன பிறகு தனி ஆளாகக் கடையைப் பிடித்து நிறுத்தியவள் என்று பேர் வாங்கியவள். வாய் ஓயாமல் பேசினாள், கண்ணும் ஓயவில்லை. டீயும் பிஸ்கட்டும் வைத்தார்கள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. காலையிலிருந்தே மெஷின் ஓடக்கூடாது என்று உத்தரவு. பெரியவள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் தாள் புரட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பேச்சு சம்பளம், படிப்பு, சொந்தக்காரர் என்று சுற்றி வந்தபோது வாசலில் ஓர் ஆள் வந்து நின்று, “அக்கா, பேன்ட் ரெடியா?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

அப்பாவின் கையில் இருந்த கோப்பை தட்டில் மோதியது. அம்மா எழுந்து ஓடினாள். “நாளைக்கு வாப்பா, நாளைக்கு” என்று அவனை விரட்டிவிட்டு வந்து, யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னாள்:

“பின்னாடி ரூம்ல ஒரு தையக்காரம்மா இருக்காங்க. வாடகைக்கு. அவங்களைத் தேடி இப்படித்தான் ஆள் வரும்.”

“அப்படியா?” என்றாள் மருந்துக்கடை அம்மா. மகனின் சட்டைக் கையைச் சரிசெய்வதுபோல் பிடித்திருந்தவள், “அட, இங்க பாருங்க, இவன் பட்டன் கையோட வந்துடுச்சு. நல்லதாப் போச்சு. அந்தம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன், ஒரு தையல் போட்டுக் குடுக்கட்டும்” என்றாள்.

இப்போது என்ன செய்வது? இல்லை என்றால் சந்தேகம் வரும். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். அதற்குள் கதவு தானாகவே திறந்தது. பெரியவள் ஊசியும் நூலுமாக வந்து நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் தரையில் மண்டியிட்டு, அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்து, பட்டனைத் தைத்தாள். அவன் கூச்சத்துடன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்காத காதுப் பக்கம்தான் மருந்துக்கடை அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டதையே இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருந்தது.

“கூலி எவ்வளவும்மா?”

“ஒண்ணும் வேணாம்மா” என்றாள் பெரியவள், நூலைக் கத்தரித்துக்கொண்டே. “இந்த வீட்டுக்காரங்க எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி.”

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவள் அங்கேதான் இருந்தாள். ஐந்தடி தள்ளி நாற்காலியில், தலை குனிந்து, விரலால் விரலைச் சொடுக்கிக்கொண்டு. கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று படித்தவள். யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் செய்தியே இல்லை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். “அது எங்க அக்கா” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. அவர்கள் போன பிறகு பின்னறைக்குப் போனாள். பெரியவள் அதற்குள் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா...”

“பையன் நல்லவனா இருப்பான்டி. கையைப் பிடிச்சப்ப நடுங்குச்சு. நடுங்கற கை அடிக்காது.”

அதற்கு மேல் சின்னவளால் அங்கே நிற்க முடியவில்லை.

மருந்துக்கடை அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போயிருந்தாள். யோசனை நீண்டுகொண்டே போனது. சின்னவளுக்கு அந்தக் கல்யாணம் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன என்று இருந்தது. அக்கா தரையில் மண்டியிட்டதுதான் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணமான இரண்டு சொற்களைத் தட்டச்சு செய்தது தன்னுடைய விரல்கள் என்பதும் போகவில்லை. பயிற்சி முடிகிற வாரம். விளம்பரம் கொடுத்தவர் திருத்தம் கேட்டால் அதே தலைப்பின் கீழ், அதே தொலைபேசி எண்ணோடு, அடுத்த ஞாயிறு போட்டுக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். அப்பா கேட்டதாகச் சொல்லி அவளே திருத்தம் எழுதினாள். சிவப்பு மை சொல்லிக்கொடுத்தபடி எழுதினாள். தப்பைத் திரும்பச் சொல்லவில்லை. யார், என்ன வயது, என்ன தொழில் என்று எதையும் விடவில்லை.

‘திருத்தம்: மணமகளுக்கு அக்கா ஒருவர் உண்டு. வயது முப்பத்து மூன்று. மணமுறிவு பெற்றவர். தையல் தொழில் செய்கிறார். பெற்றோருடன் வசிக்கிறார்.’

தலைவர் பார்த்தார். “எழுத்துப்பிழை இல்லை. போட்டுடு” என்றார்.

ஞாயிறு காலை தாளை விரித்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அப்பா படிப்பார், கத்துவார், கையைக்கூட ஓங்குவார். ஓங்கட்டும். கத்தி முடித்த பிறகு பின்னறைக் கதவைத் திறந்து வைத்துத்தானே ஆக வேண்டும். ஊருக்கே தெரிந்துபோனதை எந்தக் கதவுக்குப் பின்னால் வைப்பார்கள்? இப்படித்தான் அவள் நினைத்தாள். அச்சில் வந்த உண்மைக்கு அவ்வளவு சக்தி உண்டென்று அந்தக் காலி பெஞ்சுகளில் உட்கார்ந்து படித்த எல்லாரும் நம்பினார்கள்.

அப்பா படித்தார். முகம் கறுத்தது. “யாரைக் கேட்டுப் போட்ட?” என்று ஆரம்பித்தார். அதற்குள் தொலைபேசி அடித்தது.

“ஆமா, நாங்கதான்... யாரு? தையலா? ஆமா, தெரியும்... இல்ல, அது வந்து...” அப்பா குழம்பி, வைத்துவிட்டு நின்றார். மறுபடி அடித்தது.

மணமகன் தேவை என்ற தலைப்பின் கீழ் வந்ததை மணமகன் தேவை என்றுதான் ஊர் படித்தது. திருத்தம் என்ற சொல்லை ஒருவர்கூடக் கண்டுகொள்ளவில்லை. வயது, மணமுறிவு, தொழில், தொலைபேசி எண். அவர்களுக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. மனைவியை இழந்தவர்கள் கூப்பிட்டார்கள். மனைவி ஓடிப்போனவர்கள் கூப்பிட்டார்கள். மூன்று குழந்தைகளுக்குச் சமைக்க ஆள் இல்லாத ஒருவர், குழந்தைகளின் சத்தம் பின்னணியில் கேட்கக் கேட்கப் பேசினார். முதல் அழைப்பில் எரிந்து விழுந்த அப்பாவின் குரல், போகப் போக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “சொல்லுங்க, சொல்லுங்க. என்ன தொழில் பண்றீங்க?” என்று கேட்க ஆரம்பித்தார்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, சின்னவளிடம் மெதுவாகச் சொன்னாள்: “பரவாயில்லடி, படிச்ச படிப்பு வீண் போகல.”

குடைக்கடைக்காரர் என்று ஒருவரை அப்பா தேர்ந்தெடுத்தார். அப்பாவை விட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். இரண்டு மகன்கள் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாயார். நேரில் வந்தபோது பெரியவளைப் பார்த்து அவர் கேட்டது ஒரே கேள்வி.

“எங்கம்மா கொஞ்சம் கனம். ஒத்தையாளாத் தூக்கி உக்கார வைப்பியா?”

“வைப்பேன்” என்றாள் பெரியவள்.

அவர் போனதும் சின்னவள் பின்னறைக்குள் ஓடி, கதவைச் சாத்திவிட்டு, அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். “வேணாம்னு சொல்லுக்கா. நான் இதுக்காகப் போடல. சத்தியமா இதுக்காகப் போடல.”

பெரியவளுக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. அந்த வீட்டில் யாரும் கேட்டிராத கோபம்.

“யாருடி உன்னைப் போடச் சொன்னா? நான் கேட்டனா? கதவுக்குப் பின்னாடி இருந்தேன். மெஷின் இருந்துச்சு, பேப்பர் இருந்துச்சு, என் பாட்டுக்கு இருந்தேன். அப்பா கண்ணுல படாம இருக்கற வரைக்கும் அவருக்கு என் ஞாபகமே வராது. இப்ப ஞாபகம் வந்துடுச்சு.”

“நான் பேசறேன். அப்பாகிட்ட நான் பேசறேன்.”

“அன்னைக்கு அவங்க முன்னாடி பேசியிருக்கணும். உக்காந்த இடத்துல, வாயால. அதை விட்டுட்டுப் பேப்பர்ல பேசற.”

சின்னவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். அப்பாவிடம் பேசத்தான் செய்தாள். பேசியதற்கு “நீ ஆரம்பிச்சு வெச்சதுதான” என்ற ஒரே பதில் கிடைத்தது.

வகுப்பில் பயிற்சி வேலைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிவப்பு மை ஒரு துண்டுத் தாளைத் தூக்கிப் பிடித்தார். அது அந்தத் திருத்தம். பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

“எல்லாரும் பாத்துக்குங்க. திருத்தம்னா இப்படி இருக்கணும். தப்பைத் திரும்பச் சொல்லல. மன்னிப்பு, வருத்தம்னு மூக்கால அழல. யாரு, என்ன வயசு, என்ன வேலை, எல்லாம் இருக்கு. ஒரு வார்த்தையை எடுக்க முடியுமா? முடியாது.”

இருந்த சிலபேரும் கைதட்டினார்கள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். அவள் எழுந்து நிற்க வேண்டும் என்று அவர் கையால் சைகை செய்தார். எழுந்து நின்றாள். நின்றபடியே அழுததை அவர் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, தட்டிக்கொடுத்து உட்கார வைத்தார்.

பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்தோடு கல்யாணம் முடிந்தது. குடைக்கடைக்காரரின் வீட்டில் மெஷினுக்கு இடமில்லை, தாயாரின் கட்டிலுக்கே அறை போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரியவள் ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வாசலில் வண்டி நின்றபோது சின்னவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். கோபம் எல்லாம் ஆறிப்போயிருந்தது. ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த தாள் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

“இத வெட்டி வெச்சிக்கிட்டேன்டி. பேப்பர்ல என்னைப் பத்தி வந்தது இது ஒண்ணுதான். பொய் ஒண்ணும் இல்ல அதுல.” திரும்பவும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். “நீ எழுதறதை நிறுத்திடாத. எந்த எடத்துல போடறேன்னு பாத்துப் போடு.”

வண்டி கிளம்பியது. அப்பா பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மறு வாரமே மருந்துக்கடை அம்மா தகவல் சொல்லி அனுப்பினாள். எங்களுக்குச் சம்மதம், தேதி பேச வருகிறோம். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரியவள் போன நேரம் நல்ல நேரம் என்று நாலு பேரிடம் சொன்னாள். அதே டீ, அதே பிஸ்கட், அதே நாற்காலிகள். பின்னறைக் கதவு இந்த முறை அகலத் திறந்திருந்தது. சாத்த வேண்டிய அவசியம் இல்லையே.

மருந்துக்கடை அம்மா மெஷினைப் பார்த்தாள். “தையக்காரம்மா காலி பண்ணிட்டாங்களா?”

“ஆமா” என்றாள் அம்மா. “காலி பண்ணிட்டாங்க.”

“அவங்க தையக்காரம்மா இல்ல” என்றாள் சின்னவள்.

அப்பா தலையைத் தூக்கினார். அம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

“அவங்க எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா. வாடகைக்கு இருந்தாங்கன்னு எங்கம்மா சொன்னது பொய். ஒரே மகள்னு பேப்பர்ல போட்டதும் பொய், அதை எழுதினது நான்தான்.”

அப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது. மருந்துக்கடை அம்மா பிஸ்கட்டை டீயில் தொட்டு, கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

“தெரியுமேம்மா.”

“என்ன தெரியும்?”

“அன்னைக்கே தெரியும். பட்டன் தானா வந்துடுச்சுன்னா நினைச்ச? நான்தான் இழுத்தேன். கதவுக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னு பாக்க வேணாமா, பொண்ணு எடுக்கற வீடு. மூக்கும் முழியும் உன்னை அப்படியே உரிச்சு வெச்சிருந்துச்சு.” அவள் குரலில் கோபம் இல்லை. பாசமாகவே பேசினாள். “அப்புறம் நீங்க பேப்பர்ல போட்டதையும் பாத்தோம். நல்ல காரியம். அந்தப் பொண்ணு எங்கயாவது போய்ச் சேரட்டும், அதுவரைக்கும் பொறுப்போம்னு இருந்தோம். போயிட்டா. சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

அப்பா பெரிதாக மூச்சு விட்டார். பிறகு சிரித்தார். “உங்களுக்குப் பெரிய மனசு சம்பந்தியம்மா” என்றார். அம்மாவும் சிரித்தாள். பையனும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்து வைத்தான். அவனுடைய சட்டைக் கையில் அந்தப் பட்டன் இருந்தது. மற்றப் பட்டன்களை விட உறுதியாகத் தைத்திருந்தது.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்” என்றாள் சின்னவள்.

“வெக்கப்படறா” என்றாள் அம்மா. “டீ ஆறுது, குடிங்க.”

சின்னவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, துணி இல்லாத, நூல் இல்லாத மெஷினின் பெடலை இரண்டு காலாலும் மிதித்தாள். நிறுத்தாமல் மிதித்தாள். கடகடவென்ற சத்தம் வீடு முழுக்க நிறைந்தது. முன்னறையில் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்கவில்லை.

அப்பா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, குரலை உயர்த்தித் தேதியைச் சொன்னார்.